கேட்டும் வராதவன்

பெண்டாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன் என்ற பெயரைக் கருங்குழி ஜெபக்குமார் தன் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டான். யாரும் அதை அவன் தலையில் கட்டவில்லை. கடையில் அதைவிட நல்ல சரக்கு பக்கத்திலேயே இருந்தது. அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு இதை எடுத்துக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. மழை வருகிற மாதிரி வந்து, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவன் போல நகர்ந்துவிட்டது. ஒரே புழுக்கம். ரூத் துணி அலசப் போன இடத்தில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தாள். இடது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முதலில் "ஏங்க" என்றாள். பிறகு "யோவ்" என்றாள். அப்புறம் வெறும் "ஐயோ"தான்.

ஹாலில் ஜெபக்குமார் முதுகைக் காட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய வீடு. லாரி சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று அந்தத் தெருவில் எல்லார் வீட்டு டிவியும் அலறும். ஆகவே அதை வைத்து யார் காதையும் சந்தேகப்பட முடியாது.

செங்கல்பட்டில் வேலை முடிந்து வந்த மகள் ஜெனிட்டா, கேட்டைத் திறக்கும்போதே அம்மாவின் சத்தத்தைக் கேட்டு ஓடினாள். பக்கத்து வீட்டு லோகநாயகியும் ஓடி வந்தாள். இரண்டு பேருமாக ரூத்தைத் தூக்கி ஹாலுக்குக் கொண்டுவந்தபோதுதான் ஜெபக்குமார் திரும்பிப் பார்த்து எழுந்தான்.

"அப்பா! அம்மா அவ்ளோ நேரம் கத்திச்சே, உனக்குக் கேக்கலியா?"

ஜெபக்குமார் மகளைப் பார்த்தான். கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்தான். வாசலில் நின்ற லோகநாயகியைப் பார்த்தான். அவளிடம் போட்ட சரக்கு அன்று மாலையே மதுராந்தகம் போய்ச் சேர்ந்துவிடும்.

"கேட்டுச்சு," என்றான். "சும்மா கத்திகினு கீறாள்னு நெனச்சேன்."

ரூத் கையைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு, நெம்மேலியிலிருந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்த தம்பி ஜான்சனிடம்தான் சொன்னாள்.

"காது கேக்காதவனோட காலத்தத் தள்ளிடலாம்டா. கேட்டும் வராதவனோட எப்புடித் தள்றது? எடு வண்டிய."

புருஷன் எதிரில்தான் நின்றான். அவள் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆட்டோ காலியாகத் திரும்பியிருக்கும். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு மறைமலை நகர் பக்கம் போக வேண்டும். கார்களுக்குக் கதவும் மூடியும் தகட்டில் அடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில், கல்யாணத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து ஜெபக்குமார் வேலை பார்க்கிறான். மாட்டுவண்டி அகலத்துக்கு இரும்புத் தகடு உள்ளே போகும். மேலேயிருந்து பிரஸ் இறங்கும். டம். தரை ஒரு தரம் குதிக்கும். வயிற்றில் இருக்கிற டீயும் குதிக்கும். கதவு வெளியே வரும். மறுபடி டம். ஷிஃப்ட் முழுக்க இதுதான் பாட்டு.

அந்தச் சத்தத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. உதடு அசைவும் விரலும்தான் பேச்சு. கட்டைவிரலை உதட்டில் சாய்த்தால் டீ. மீசையைத் தடவினால் மேனேஜர் வருகிறான். காதலியோடு சண்டை, மாமியார் வருகை, தேர்தல் முடிவு எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு சைகை உண்டு. அந்தப் பாஷையில் ஜெபக்குமார் மன்னன். மஞ்சள் நிறத்தில் காதடைப்பானும் கொடுத்தார்கள். அதை மாட்டினால் மிஷின் ஓடுகிற லட்சணம் தெரியவில்லை என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். ரூத் அதை எண்ணெய் பாட்டிலுக்கு மூடியாக வைத்திருந்தாள். நல்ல இறுக்கமான மூடி.

அவனோடு நின்ற உலகநாதன் என்பவனுக்குச் சில வருஷங்களுக்கு முன் காது போய்விட்டது. வருஷா வருஷம் எடுக்கிற காது டெஸ்டில் தெரிந்ததும் கம்பெனி அவனை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தது. சம்பளம் குறையவில்லை; மின்விசிறிக்கு அடியில் நாற்காலி. பார்க்கப்போனால் லாபம். ஆனால் கேன்டீனில் அவனுக்கு 'டமாரம்' என்று பெயர் விழுந்தது. பின்னாலிருந்து தட்டைத் தட்டுவது, வாயை மட்டும் அசைத்து அவனைக் குழப்புவது என்று நாளும் கூத்து. உலகநாதன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். டமாரம் என்று பெயர் வைத்தவன் ஜெபக்குமார்தான். நல்ல பெயர் வைத்தான் என்று அன்றைக்கு எல்லாரும் அவன் முதுகில் தட்டினார்கள்.

அதனால் தனக்கும் காது போகிறது என்று தெரிந்த வருஷத்திலிருந்து அவன் ஒரு வித்தை கற்றுக்கொண்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். வெளியே டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தும்போது அவளுடைய தோள்பட்டை லேசாக இறங்கும். இவன் கையைத் தூக்குவான். ஒவ்வொரு வருஷமும் பாஸ். பள்ளிக்கூடத்தில்கூட அவன் இப்படிப் பாஸானதில்லை.

ரூத் போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் சாப்பிட்டார்கள். ஜெனிட்டா சமையலறையில் குக்கர் வைத்துவிட்டு, "மூணு விசிலு வந்தா நிறுத்துப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சோறு தீய்ந்து அடுப்பில் புகை வந்துகொண்டிருந்தது. ஜெபக்குமார் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். டிவிகூட ஓடவில்லை.

"விசிலு வரலியேம்மா," என்றான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அப்பாவின் காதையே பார்த்தாள். அவள் பார்க்கிற வேலை அப்படி. செங்கல்பட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், எத்தனை சத்தத்தில் எத்தனை வருஷம் நின்றால் காது எவ்வளவு போகும் என்று கணினியில் கணக்குப் போடுவது. வருஷத்தையும் சத்தத்தையும் உள்ளே கொடுத்தால் அது ஒரு கோடு வரையும். கோடு சரிந்துகொண்டே போகும். யார் யாருக்கோ கோடு போட்டவள், அப்பாவுக்குப் போட்டதில்லை. அவர்தான் வருஷா வருஷம் பாஸ் ஆச்சே.

அன்று போட்டாள். அத்தோடு நிற்கவில்லை. பரணில் அப்பாவின் பழைய கேசட் ஒன்று கிடந்தது. கல்யாணமான புதிதில், முதல் போனஸில் வாங்கிய டேப் ரெக்கார்டரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, வாசலில் பாத்திரக்காரனோடு ரூத் பேரம் பேசுவதை அவன் பதிவு செய்திருந்தான். வருஷக்கணக்கில் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஜெனிட்டா சின்ன வயதில் அதைத் தாலாட்டு மாதிரிக் கேட்டு வளர்ந்தவள். அதைக் கணினியில் ஏற்றி, கோடு சொல்கிறபடி வருஷ வாரியாக வடிகட்டினாள். எடுத்துக்கொண்டு நெம்மேலிக்கு பஸ் ஏறினாள்.

கடல்தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற பிளான்ட்டைத் தாண்டி, கடலோரத்தில் ஜான்சன் வீடு. ரூத் ஒற்றைக் கையால் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மாங்காய் போட்ட குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்கப்பன் அனுப்ச்சாரா?"

"இல்லம்மா. கையக் கழுவு. இத்த மாட்டிக்க."

"இன்னாடி இது?"

"மாட்டிக்கம்மா, சொல்றேன்."

ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டினாள். ரூத்தின் முகம் மெல்ல விரிந்தது. உள்ளே அவளுடைய இருபது சொச்சம் வயசுக் குரல், வளையல் சலசலக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நாலு பொடவை, ஒரு பேண்ட்டு, இத்துக்கு ஒத்த டம்ளரா தர்ற, போய்யா! பாத்திரக்காரன் கட்டைக் குரலில், பொடவை சாயம் போயிக்கீதும்மா என்றான். சாயம் போனா இன்னா, நீயா கட்டிக்கப் போற? அரிசி டின்னுக்குப் பின்னால் புது மாப்பிள்ளை சிரிப்பை அடக்குகிற சத்தம்.

"அய்ய, இத்த இன்னும் வெச்சிகினு கீறீங்களா!" என்று ரூத் சிரித்தாள். "அந்தக் குண்டான் இன்னும் ஓட்டையாவல தெரியுமா? கடைசில டம்ளரும் குண்டானும் ரெண்டுமே வாங்கினேன்."

"தெரியும். இதான் கல்யாணமான வருசம் அப்பாவுக்குக் கேட்டது. இப்ப இத்தக் கேளு. நான் ஸ்கூலு சேந்த வருசம்."

ரூத் கேட்டாள். ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"வளையல் எங்கடி?"

"போயிடுச்சு. மொதல்ல அதான் போவும்."

"பாத்திரத்தத் தட்னானே, டிங்குனு இல்ல. டொக்குனு கீது."

"ஆமா. இது நான் எட்டாவது படிச்சப்ப."

ரூத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பேசுறேன்னு தெரியுது. இன்னா பேசுறேன்னு தெரியல. வாயில பஞ்ச அடைச்சிகினு பேசுற மாரி கீது."

"இது இப்ப. இந்த வருசம்."

இந்த வருஷத்தை அவள் நிறைய நேரம் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"பாத்திரக்காரன் கொரலு மட்டும் அப்புடியே கீது பாரு."

"கட்டக் கொரலும்மா. அது கடைசி வரைக்கும் நிக்கும்."

"படுபாவி. டம்ளரு குடுக்க மூக்கால அழுதான். எம் புருசன் காதுல ஓசியில குந்திகினு கீறான்."

சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். அவள் பேரத்தில் பிறந்தவள்; காட்டின சரக்கை அப்படியே நம்பி எடுத்துக்கொள்ள மாட்டாள்.

"உன் கம்ப்யூட்டரு அவரு காதுக்குள்ள பூந்து பாத்துச்சா?"

"இல்லம்மா. இது அப்பா காது இல்ல. அவ்ளோ சத்தத்துல அவ்ளோ வருசம் நின்னவங்க காதெல்லாம் சேத்து எடுத்த சராசரி. அப்பாவுக்குக் கூட இருக்கும், கொறைய இருக்கும்."

"ஒரு நாளு திடீர்னு கேக்காமப் போனா தெரியாதா அந்தாளுக்கு?"

"திடீர்னு போவாதும்மா. அதான் கேடு. கடைக்காரன் தெனமும் ஒரு சிட்டிகை கம்மியா நிறுத்துப் போட்டா உனக்குத் தெரியுமா? பருப்பு வாங்கிகினு சந்தோசமாத்தான வருவ?"

"நான் கண்டுபுடிச்சுருவேன்."

"நீ கண்டுபுடிப்ப. காதுக்குத் தெரியாது."

"அப்ப எதிர்ல நின்னு கேட்டா டக்குனு பதில் சொல்றாரே? திருழா கூட்டத்துல, ஸ்பீக்கரு பொட்டிக்குக் கீழ நின்னு பேசினா எனக்கே கேக்காது, அவருக்குக் கேக்கும்."

"வாயப் பாக்குறாரும்மா. கம்பெனில அப்புடித்தான பேசிப்பாங்க? காதால கேக்கல, கண்ணால கேக்குறாரு."

"வருசா வருசம் டெஸ்ட்டுல பாஸாவுறாரே?"

"காப்பி அடிச்சிருப்பாரு. எப்புடின்னு தெரியல."

ரூத் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப லைட்ட அணைச்சிட்டுப் பேசினா?"

ஜெனிட்டா ஹெட்போன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"கேக்குறேன் இல்ல?"

"கேட்டிருக்காதும்மா. அதுவும் நீ மெதுவா பேசினா, சுத்தமா கேட்டிருக்காது."

ரூத் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். ஜெனிட்டாவுக்குப் பிறகு இரண்டாவதாக ஒன்று உண்டாகி, ஏழாம் மாதத்தில் போய்விட்டது. பகலில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சமையலும் பள்ளிக்கூடமும் ஷிஃப்டும் இருந்தன. படுத்த பிறகு இருட்டில், ஜெனிட்டாவுக்குக் கேட்டுவிடப் போகிறதென்று தாழ்ந்த குரலில், ரூத் அவனிடம் சொன்னாள். நிறைய இரவுகள் சொன்னாள். அவன் முதுகுப்பக்கமிருந்து ஒரு 'உம்' கூட வரவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டோம் என்று அந்த வருஷம் முடிவு செய்தாள். அதற்குப் பிறகு போட்ட சண்டைகளெல்லாம் அந்த முடிவின் மேல்தான் நின்றன. அதற்கு முந்தின ஜெபக்குமார், சர்ச்சில் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அத்தனை பெண்கள் பாட்டிலும் இவள் குரலைத் தனியாகப் பிரித்துச் சொன்னவன். மெட்டி சத்தத்தை வைத்தே கோபமா இல்லையா என்று கண்டுபிடித்தவன்.

"அம்மா, வா வூட்டுக்குப் போவலாம். அதான் தெரிஞ்சிடுச்சில்ல?"

"உன் மிஷினு சொல்லிச்சுன்னு நான் வருவேனா? லோகநாயகி எதிர்ல கேட்டுச்சுன்னு சொன்ன வாயி அது. அந்த வாயாலயே வரணும். நாலு பேரு எதிர்ல வரணும். ஒரு பைசா கொறைக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஜெபக்குமார் வந்தான். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஜெனிட்டா 'அம்மா வரச் சொன்னாங்க' என்று மெசேஜ் போட்டிருந்தாள். யாரும் அவனிடம் வேறெதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஜான்சன் வாய் நிறையப் பொரித்த மீனை வைத்துக்கொண்டு வரவேற்றான். மீன் இருக்கிற வாயைப் படிக்க முடியாது. ஜெபக்குமார் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்து வைத்தான்.

"சிரிக்கிறத பாரு," என்றான் ஜான்சன், மீனை விழுங்கிவிட்டு அக்காவைப் பார்த்து. "உன் மண்ட உடைஞ்சிருந்தாலும் இப்படித்தான் சிரிச்சிகினு வந்து நின்னிருப்பாரு. மாமா, நீ மனுசனா, இல்ல இந்தக் கரையில கொட்டி வெச்சிகீற பாறாங்கல்லா?"

இது தெளிவாகத் தெரிந்தது. "கல்லுதான் மச்சான்," என்றான் ஜெபக்குமார். "சோத்தப் போடு."

ரூத் சோறு போடவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு கடலைப் பார்க்க நடந்தாள். அவன் பின்னால் போனான். ஜான்சனும் ஜெனிட்டாவும் கொஞ்சம் தள்ளிப் பின்தொடர்ந்தார்கள். படகுகளுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காற்று கரையை நோக்கி அடித்தது. அலை சத்தத்தில் மற்றவர்களெல்லாம் கத்திப் பேசினார்கள்.

ரூத் தண்ணீர் ஓரத்தில் கடலைப் பார்த்து நின்றாள். திரும்பவில்லை. அப்படியே பேசினாள்.

"எனக்குக் கை வலிக்கல இப்ப," என்றாள்.

பின்னாலிருந்து, "ம்," என்றான்.

"அன்னைக்கு விழுந்தப்ப வலிச்சது கை இல்ல."

"ம்."

"அது போச்சே, ரெண்டாவது. அத்துக்கு மனசுல ஒரு பேரு வெச்சிருந்தேன். உங்கிட்ட சொன்னேன். ஏழெட்டு தபா சொன்னேன். நல்ல பேரா, வேற வெக்கலாமான்னு கேட்டேன்."

"ம், ம்."

அவள் நிறுத்திவிட்டாள். அலை வந்து போனது.

"ம்," என்றான் ஜெபக்குமார்.

இன்னும் ஒரு அலை.

"ஆமா ரூத்து," என்றான். "ம்."

ஜெனிட்டா தூரத்தில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜான்சன் மெல்லுவதை நிறுத்தினான். "இன்னாடி இது? அக்கா பேசவே இல்லியே, இந்தாளு யாருக்குத் தாளம் போட்டுகினு கீறாரு?"

ஜெபக்குமார் பெண்டாட்டியின் தோளைப் பார்த்தான். பேசினால் தோள் அசையும். டெஸ்ட் எடுக்கிற பெண்ணுக்கு அசையும், எல்லாருக்கும் அசையும். ரூத்தின் தோள் அசையவில்லை. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கணத்துக்கு முன்பா, அவன் முதல் 'ம்' போட்டபோதேவா. நாலு பேர் எதிரில் கையும் களவுமாகப் பிடிபட்ட வியாபாரி மாதிரி நின்றான். அவன் இனி என்ன விலை சொன்னாலும் எடுபடாது.

சுற்றிக்கொண்டு அவள் எதிரே வந்தான். அவளுக்கும் கடலுக்கும் நடுவில் இடமில்லை. தண்ணீருக்குள்தான் நின்றாக வேண்டும். ஷூ முழுகியது. பேண்ட் முழங்கால் வரை நனைந்தது.

"திரும்பி நின்னுகினு பேசினா எனக்குக் கேக்காது ரூத்து," என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். விலையைக் குறைக்கவில்லை.

"எனக்குக் காதே கேக்காதும்மே!" என்றான். பிரஸ் ஷாப்பில் நின்று பழகிய தொண்டை. தனக்கே எவ்வளவு சத்தமென்று தெரியாத தொண்டை. நண்டு பிரித்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். "அன்னைக்கும் கேக்கல. நீ கத்தினது சத்தியமாக் கேக்கல. கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? ரொம்ப வருசமாக் கேக்கல. இன்னாத்த கேக்கலன்னே எனக்குத் தெரியல!"

படகுப் பக்கமிருந்து ஒருவன், "யாருப்பா அது, எதுக்குக் கத்துறாரு?" என்றான். "காது கேக்காதாம்ப்பா," என்று இன்னொருவன் பதில் சொன்னான். "அதுக்குப் போயி இப்புடியா கத்துவாங்க," என்று மறுபடி வலைக்குக் குனிந்தார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான் விஷயம்.

ரூத்தின் உதடு நடுங்கியது. கீழுதடு மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கியது. அவள் எதுவும் பேசவில்லை.

ஜெபக்குமார் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தான். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நடுங்குகிற அந்த உதட்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் போலப் பார்த்தான். பின்னாலிருந்து வந்த அலை இடுப்பில் அடித்து அவனை அவள் மேல் தள்ளப் பார்த்தது. காலை ஊன்றிக்கொண்டான், கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவா சொல்லு ரூத்து," என்றான். "பாத்துகினுதான் கீறேன்."